எண்ணூரில் ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு முடியாமல் போனால்: 108-ஆ, ஆட்டோவா, நர்சிங் ஹோமா?

நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கம் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்து வியர்த்துக் கொட்டினால், வீட்டில் முதலில் வருவது "ஆட்டோவைக் கூப்பிடு" என்ற பேச்சுதான். ஆட்டோ உடனே கிளம்பும். அதன் பலம் அது ஒன்றுதான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால், ஸ்டான்லி அரசு மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் பாதி வழியில் சிக்கிக்கொள்வீர்கள். பின்சீட்டில் உட்கார்ந்தபடியே மயங்குகிறவரின் தலை முன்னால் தொங்கி, மூச்சு அடைபடும். அந்த இடுக்கில் நெஞ்சை அழுத்திக் காப்பாற்ற யாராலும் முடியாது.

108 வண்டியில் படுக்கை, ஆக்ஸிஜன், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் எல்லாம் உண்டு, காசு கிடையாது. குறை ஒன்றுதான்: குப்பத்துச் சந்துக்குள் வண்டி நுழையாது. கதவு எண் சொல்லிப் பயனில்லை. கோயில், ரேஷன் கடை என்று அடையாளம் சொல்லுங்கள். ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிற்கட்டும். கூப்பிட்ட போனில் வேறு யாரிடமும் பேசாதீர்கள், டிரைவர் அதில்தான் திரும்ப அழைப்பார். நெஞ்சுவலிக்காரரை நடக்க விடவே கூடாது: பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பேர் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்கி வாருங்கள். ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்பதை 108-லேயே கேளுங்கள்.

பக்கத்து நர்சிங் ஹோம் வீசிங், வாந்திபேதி, தையல் போடும் காயம் இவற்றுக்குப் போதும். வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்துவிட்டால், அதாவது பக்கவாதம் என்றால், அங்கே போகாதீர்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்தில் அட்வான்ஸ் கட்டி, டிரிப்ஸ் ஏற்றி, கடைசியில் "ஸ்டான்லிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லும்போது ஒரு மணி நேரம் போயிருக்கும். போகத்தான் வேண்டுமென்றால் முதலில் போன் போட்டு, "இப்ப டூட்டி டாக்டர் இருக்காரா, சிடி இப்பவே எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். நன்றாக இருந்ததாகக் கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது, புரையேறிவிடும்.

104 என்ற அரசு மருத்துவ உதவி எண் ஆலோசனைக்கு மட்டும்: குழந்தைக்கு லேசான காய்ச்சல், மாத்திரை அளவில் சந்தேகம். வலிப்பு வந்தால் 104 அல்ல, 108. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆபத்து என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரசவ வலிக்கு ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசு மகப்பேறு மருத்துவமனை. கர்ப்பகால அட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரே பையில் கதவுப் பக்கம் தொங்கட்டும்.