புதிய பதிப்பைப் பழைய ரசிகரிடம் கொண்டுபோகும் மூன்று வழிகள்

ஆடிக்கொண்டிருக்கும் ரோல்பிளேயிங் கேமுக்கு (ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, மேசையில் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம்) புதிய பதிப்பு வருகிறது என்று கேள்விப்பட்டதும் பழைய ரசிகரின் கண் தன் அலமாரிப் பக்கம்தான் போகும். காசு போட்டு வாங்கிய விதிநூல்கள், இரண்டு மூன்று வருடமாக ஓடும் கேம்பெயின் என்ற தொடர்கதை, அழித்து அழித்து எழுதியதில் தாளே மெலிந்துபோன, கதாபாத்திரத்தின் விவரங்கள் அடங்கிய கேரக்டர் ஷீட், எல்லாம் அங்கே இருக்கின்றன. புதிதாக ஆட வருபவருக்கு இந்தக் கவலை கிடையாது. அவரைக் கவரும் விளம்பரம் இவரிடம் எடுபடாது.

முதல் வழி, பழையதில் குறை சொல்லிப் புதியதை விற்பது. இவ்வகை ஆட்டங்களில் மிகப் பிரபலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு 2007 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு 2008 ஜூனில் வந்தது. பழைய பதிப்புகளின் சிக்கல்களைக் கேலி செய்யும் வீடியோவும் அந்தப் பிரசாரத்தில் இருந்தது. மூன்றாம் பதிப்பில் எதிரியைக் கட்டிப்பிடித்து மடக்கும் விதி பெரிய தலைவலி என்பதை ஆடியவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் அதை நாம் புலம்புவது வேறு, விற்றவரே வந்து சிரிப்பது வேறு. போதாக்குறைக்கு முதல் விதிநூலில், ஆட்டக்காரர்கள் கதாபாத்திரத்துக்குத் தேர்ந்துவந்த குள்ள நோம் இனத்தைக் காணோம். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் விதிநூலில்தான் சேர்த்தார்கள். குறி தப்பவே தப்பாது என்று பெயரெடுத்த மேஜிக் மிஸைல் மந்திரத்துக்கும் பகடை உருட்டச் சொன்னார்கள். 2010இல் பழையபடி மாற்றினார்கள். 2009 ஏப்ரலில் பிடிஎஃப் விற்பனையையும் நிறுத்தியதால் பழைய பதிப்புகளை முறையாக வாங்க இருந்த வழியும் அடைபட்டது. இத்தனைக்கும் நான்காம் பதிப்பு சண்டைக் காட்சிகளில் மிக நேர்த்தியானது. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஒரு மோதலைத் தயார் செய்ய அதில் பட்ட பாடு ரொம்பக் குறைவு. அந்த நல்லதைக் கேட்கும் மனநிலையில் பலர் இல்லை.

அப்படி மனம் விட்டுப்போனவர்களைத்தான் பைசோ நிறுவனம் இரண்டாம் வழியில் அழைத்தது. மூன்றாம் பதிப்பின் விதிகளை யாரும் எடுத்தாளலாம் என்ற திறந்த உரிமம் 2000 முதலே இருந்தது. அதை வைத்து உருவாக்கிய பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் வரைவை 2008 மார்ச்சில் இலவசமாகவே வெளியிட்டு, ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். முழுநூல் 2009 ஆகஸ்டில் வந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்டும் பிறகு இதே பாதைக்கு வந்தது. 2012 மேயில் தொடங்கிய பொதுச் சோதனையில் 1,75,000க்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள். 2014இல் ஐந்தாம் பதிப்பு வெளியானது. சோதனை நடந்துகொண்டிருந்த 2013 ஜனவரியில் பழைய பதிப்புகளின் பிடிஎஃப்கள் மறுபடி விற்பனைக்கு வந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். உங்களிடம் இருப்பதற்கு இன்னும் மதிப்பு உண்டு என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்த வழிக்குப் பொறுமை வேண்டும். சோதனை ஒன்றிரண்டு ஆண்டு இழுக்கும். அதுவரை பழைய நூல்களை வாங்க ஆளிருக்காது. முடிவையெல்லாம் முன்பே எடுத்துவிட்டு ஒப்புக்குக் கருத்துக் கேட்டால் ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

மூன்றாம் வழி, உங்கள் பழைய நூல்கள் எல்லாம் செல்லும் என்ற உறுதி. கணக்கு சரியாக இருந்தால் இது அருமையான வழி. 1981 முதல் வரும் கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆட்டத்தின் ஏழாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பண்பு எண்களை ஐந்தால் பெருக்கினால் போதும்: பழைய சாகச நூலில் ஒரு பாத்திரத்தின் வலிமை 13 என்றிருந்தால் இப்போது 65. எங்கள் ஆட்டக்குழு அந்தப் பதிப்புக்கு மாறிய அன்று நான்கு பேரும் பென்சிலோடு உட்கார்ந்தோம். அதிர்ஷ்டத்துக்கு மட்டும் தனியாகப் பகடை உருட்டினோம். அரை மணி நேரத்தில், போன வாரம் நிறுத்திய அதே கதவின் முன்னால் கதை தொடர்ந்தது.

2024இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூலுக்கும் இதே உறுதி தரப்பட்டது. ஐந்தாம் பதிப்பின் திருத்தம்தான், பழைய சாகசங்களோடு ஒத்துப்போகும் என்றார்கள். ஆனால் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பு, அந்த ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ இணையதளமான டிஅண்ட்டி பியாண்டிலுள்ள கேரக்டர் ஷீட்களில் பழைய மந்திரங்களின் இடத்தில் புதியவை வந்துவிடும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பிச் சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். தன் கேரக்டர் ஷீட்டைப் பிறர் திருத்துவதை எந்த ஆட்டக்காரரும் பொறுக்கமாட்டார்.

என்னைக் கேட்டால் முதல் வழி எந்தப் பதிப்புக்கும் வேண்டாம். மாற்றம் சிறியதென்றால் மூன்றாவது. ஆட்டத்தின் அடித்தளமே மாறுகிறதென்றால், எவ்வளவு நாளானாலும் இரண்டாவது. எதைத் தேர்ந்தாலும், பழைய கேரக்டரை எப்படி மாற்றி எழுதுவது என்று காட்டும் ஒரு பக்கத்தை அறிவிப்பு வரும் அன்றைக்கே இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். பழைய ரசிகர்கள் அடுத்த வாரமே அதைத் தங்கள் மேசையில் வைத்து ஆடிப் பார்ப்பார்கள்.