நான்கு ஆண்டுகளாகக் கையில் இருக்கும் ஒரு கன்ட்ரோலர்

பாளையங்கோட்டையில் என் மேசைமீது இருக்கும் வயர்லெஸ் கேம் கன்ட்ரோலருக்கு இந்த வைகாசியோடு நான்கு ஆண்டுகள் நிறைகின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மடிக்கணினியில் ஒரு மணி நேரம் கார்ப் பந்தயமோ கால்பந்தோ ஆடுவது என் வழக்கம். வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் பிடியைத்தான் புகழ்ந்திருப்பேன். இன்று கட்டைவிரலால் சாய்த்து ஆட்டக்காரரை நகர்த்தும் சிறு குமிழான ஸ்டிக்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிடியில் குறையில்லை. பின்புறத்துச் சொரசொரப்பினால், அக்கினி நட்சத்திர நாட்களில் உள்ளங்கை வியர்த்தாலும் அது நழுவுவதில்லை. எவ்வளவு ஆழமாக அழுத்துகிறோம் என்பதை, ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிக்கர் பொத்தான் உணர்வதால், வளைவுகளில் ஆக்சிலரேட்டரைப் பாதியளவில் நிறுத்திப் பிடிக்க முடிகிறது. சாதாரணக் கீபோர்டில் இது இயலாது.

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், நான் தொடாதபோதே ஆட்டக்காரர் இடப்பக்கம் நகரத் தொடங்கினார். டிரிஃப்ட் எனப்படும் இந்தக் கோளாறுக்குக் காரணம் ஸ்டிக்கின் அடியிலேயே இருக்கிறது. இட-வலம், மேல்-கீழ் என ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு பொட்டன்ஷியோமீட்டர் உண்டு. அதனுள் மெல்லிய கார்பன் படலத்தின்மீது ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே நகர, அங்கே மாறும் மின்னழுத்தத்தை வைத்தே ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கணக்கிடப்படுகிறது. படலம் தேயத் தேய நடுநிலையின் அளவு பிசகிவிடும். டெட் சோனை, அதாவது நடுநிலையைச் சுற்றி ஸ்டிக்கின் அசைவைக் கணக்கில் எடுக்காமல் விடும் பகுதியை, கூட்டிச் சில மாதங்கள் சமாளித்தேன். ஆனால் நுண்ணிய அசைவுகளையெல்லாம் அது விழுங்கிவிட்டதால், பந்தயத்தில் காரை மெல்லத் திருப்புவதே இயலாமல் போயிற்று.

ஜங்ஷன் பக்கம் செல்போன் பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் காந்தப்புலத்தை வைத்துச் சாய்வை அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தேன். பழைய ஸ்டிக்கின் 14 சால்டர் புள்ளிகளையும் பொறுமையாக உருக்கியெடுத்துப் புதியதைப் பொருத்திக் கொடுத்தார். இதில் காந்தமும் உணரியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே தேய்வதற்குக் கார்பன் படலமே இல்லை. 1998-இல் வெளிவந்த சேகா டிரீம்காஸ்ட் என்ற கேம் கன்சோலின் கன்ட்ரோலரிலேயே இத்தகைய காந்த உணரிகள் இருந்தன என்பதை எண்ணும்போது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தேயும் பாகத்தையே பொருத்தி விற்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

மாற்றியபின் கணினியில் நடுநிலையைச் சீரமைக்காமல் ஆடாதீர்கள். முதல் நாள் நான் அதைச் செய்யாததால் ஸ்டிக் ஒரு பக்கமாகவே இழுத்தது. புதிய ஸ்டிக்கின் ஸ்பிரிங் சற்று இறுக்கமானது. கட்டைவிரலுக்குப் பழக இரண்டு வாரம் ஆனது. ஓராண்டுக்கு மேலாகியும் டெட் சோனை மிகக் குறைந்த அளவிலேயே வைத்து ஆடுகிறேன்; இதுவரை கார் தானாகத் திரும்பியதில்லை.