நேரே வீட்டுக்கா, இடைத்தங்கல் இல்லத்துக்கா?

மகன் போதை மறுவாழ்வு மையத்திலிருந்து வெளிவருவதற்கு மூன்று வாரம் இருக்கையில் அங்கிருந்த ஆலோசகர் என்னையும் என் கணவரையும் அழைத்து, "தம்பி எங்கே தங்கப்போகிறார் என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்" என்றார். அதுவரை நாங்கள் அதை ஒரு கேள்வியாகவே எண்ணியதில்லை. பிள்ளை தேறிவிட்டால் வீட்டுக்குத்தானே வருவான் என்றிருந்தோம். அவனுக்கு அப்போது 19 வயது. வலி மாத்திரைப் பழக்கத்துக்காக 90 நாள் உள்ளேயே தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தான். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: நேரே வீடு, இடைத்தங்கல் இல்லம் (சிகிச்சை முடித்தவர்கள் வீடு திரும்புமுன் சேர்ந்து தங்கும் இடம்), வெளியூரில் இருக்கும் உறவினர் வீடு. நாங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தோம், பதினான்கு மாதங்கள் கடந்த பிறகும் அந்த முடிவின் பக்கமே நிற்கிறேன். ஆகவே இதை நடுநிலையான அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செலவு, தொலைவு, வசதி ஆகியவற்றை அவரவரே கணக்கிட்டுக்கொள்வார்கள். பழைய நண்பர்கள் வீட்டுக்கு அருகில் இருப்பார்கள், இடைத்தங்கல் இல்லத்துக்கு அருகில் இருக்க மாட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

உறவினர் வீட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். இடம் மாறினால் பழக்கம் விட்டுப்போகும் என்பவர்கள், வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை ஆய்வாளர் லீ ராபின்ஸ் 1970-களில் ஆராய்ந்ததை மேற்கோள் காட்டுவது வழக்கம். அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் அந்த வீரர்கள் போதை இருந்த நாட்டைவிட்டு ஒரேயடியாக வெளியேறினார்கள், அங்கே திரும்பிப் போகவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. எங்கள் மகனுக்கோ பழக்கம் தொற்றியதே சொந்தத் தெருவில்தான். ஆறு மாதம் மாமா வீட்டில் இருந்துவிட்டு அவன் திரும்பிவரும்போதும் அதே தெருமுனை அப்படியே இருக்கும், அதை எதிர்கொள்ளும் பயிற்சி மட்டும் அவனிடம் இருக்காது. இந்த வழியை ஒரே மாலையில் ஒதுக்கிவிட்டோம்.

இடைத்தங்கல் இல்லத்தை அப்படி எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. மகனை அங்கே ஒரு நாள்கூட வைத்ததில்லை, இரண்டு இல்லங்களைச் சுற்றிப் பார்த்ததோடு சரி என்பதால், இதில் என் சொல்லுக்கு எடை குறைவு. இத்தகைய இல்லங்களில் அதிகம் பேசப்படுவது 1975-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ். அங்கே மேற்பார்வையாளர் என்று ஒருவர் கிடையாது. தங்கியிருப்பவர்களே வாக்களித்து நிர்வாகம் செய்கிறார்கள், வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், மீண்டும் போதையைத் தொட்டவரை உடனே வெளியேற்றுகிறார்கள். சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை இந்த இல்லங்களுக்கும் மறுபாதியினரை வழக்கமான தொடர் சிகிச்சைக்கும் அனுப்பிய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் போதைப் பயன்பாடு இருந்தது முதல் பிரிவில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரிடம், இரண்டாம் பிரிவில் 65 விழுக்காட்டினரிடம். வீட்டை ஆதரித்து எழுதும் எனக்கு இந்த எண்கள் சங்கடமானவை, ஆனாலும் அவற்றை மறைக்க மனம் வரவில்லை.

அப்படியிருந்தும் ஏன் அங்கே அனுப்பவில்லை? அந்த ஆய்வில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள். நாங்கள் பார்த்த இரண்டு இல்லங்களிலும் இவனைப் போல் இரு மடங்கு வயதுடையவர்களே இருந்தார்கள். அவர்களுக்கு மீட்க வேண்டிய குடும்பமும் வேலையும் இருந்தன, இவனுக்குப் பாதியில் நிற்கும் படிப்பு மட்டுமே இருந்தது. அதைவிட என்னை உறுத்தியது வெளியேற்றும் விதி. மற்றவர்களின் பாதுகாப்புக்கு அது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இளவயதில் ஒரு சறுக்கலாவது நேர வாய்ப்பு அதிகம், நேர்ந்த அன்று இரவே அவன் எந்த ஏற்பாடும் இல்லாமல் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பான். கடைசியில் வீடுதான் என்றால், தயாராகிவிட்டு அழைத்துவருவது மேல் என்று தோன்றியது.

எங்கள் முடிவை உண்மையில் தீர்மானித்தது வேறொன்று. அவன் ஆலோசனைக்குப் போகாத நாளில், அன்றே "ஏன் வரவில்லை?" என்று கேட்கப்போவது யார்? எந்த வழியை எடைபோட்டாலும் இறுதியில் இந்தக் கேள்வியிடமே வந்து நின்றோம். மையத்தில் வேளைக்கு வேளை ஆள் பார்ப்பார்கள், வெளியே வந்தவுடன் அது அப்படியே நின்றுபோகிறது. அடுத்த சந்திப்புக்கான தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு பெரும்பாலான இடங்களில் கடமை முடிந்துவிடுகிறது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு தானாகக் கிளம்பிப்போகும் மனத்திடம், வெளியே வந்த முதல் மாதத்தில் 19 வயதுப் பையனிடம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு முறையை வகுத்தார்கள். உறைவிடச் சிகிச்சை முடித்த 12 முதல் 17 வயது வரையிலான 183 பேரை அதில் ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினரை வழக்கம்போல் வெளிநோயாளர் மையங்களுக்குப் போகச் சொன்னார்கள். மற்றப் பிரிவினருக்கு, 90 நாள்வரை ஆலோசகரே வீட்டுக்கும் பள்ளிக்கும் தேடிப்போனார். 2007-இல் வெளியான முடிவின்படி, தேடிப்போன பிரிவினரில் தொடர் சிகிச்சையில் இணைந்தவர்களும் நிலைத்தவர்களும் அதிகம். அந்த ஒன்பது மாதக் கண்காணிப்பில் கஞ்சாவைத் தொடாமல் இருந்தவர்களும் அதிகம். ஆலோசகர் தேடிவந்து பார்ப்பதற்கு ஒரு வீடு வேண்டும் என்பதே இதில் நான் படித்துக்கொண்டது.

எங்கள் ஏற்பாடு அதன் எளிய நகல்தான். வாரம் ஒருமுறை ஆலோசகர் வீட்டுக்கு வருவார். மகன் எந்தச் சந்திப்பையாவது தவறவிட்டால் மறுநாள் விடிவதற்குள் அவனுக்கு ஒரு அழைப்பு வரும். அழைப்பது நானோ என் கணவரோ அல்ல, அவனே தேர்ந்தெடுத்த என் தம்பி. அம்மா கேட்டால் சந்தேகமாகவும், மாமா கேட்டால் விசாரிப்பாகவும் அதே கேள்வி அவன் காதில் விழுந்தது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாதமாயிற்று.

ஏற்பாட்டைத் தொடங்குவதைவிடக் கட்டிக்காப்பது பல மடங்கு கடினம். முதல் மூன்று மாதம் வீடே ஒரு கடிகாரம்போல் ஓடியது. நான்காம் மாதத்தில் ஆலோசகரின் வருகை இரு வாரத்துக்கு ஒருமுறையானது, பையன் முகம் தெளிந்துவிட்டது என்று நாங்களும் மூச்சுவிட்டோம், என் தம்பிக்கு வேலை மாறியது. இவற்றில் எதுவும் தனியாகப் பெரிய குற்றமில்லை என்றாலும், ஐந்தாம் மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு சந்திப்புகள் தவறியபோது ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, "அம்மா, மறுபடியும் போட்டுட்டேன்" என்றான். சறுக்கலைவிட, அதன்பின் வரும் "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற நினைப்பே ஆளை முழுதாக வீழ்த்துகிறது என்று உளவியலாளர் ஆலன் மார்லட் விளக்கியிருப்பதை ஆலோசகர் முன்பே எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார். அன்று நாங்கள் கத்தாமல் இருந்ததற்கு அதுவே காரணம். மறுநாளே வாராந்தர வருகையை மீண்டும் தொடங்கினோம். இதே நிலை ஓர் இடைத்தங்கல் இல்லத்தில் நேர்ந்திருந்தால், கூட இருப்பவர்கள் முதல் நாளே கவனித்திருப்பார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். குடும்பம் சோர்ந்துபோகும், பத்துப் பேர் வாழும் இல்லம் அவ்வளவு எளிதில் சோராது.

உயிர் தொடர்பான ஒன்றில் மட்டும் இரு வழிகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. ஓபியாய்டு வகை மருந்துகளை (அபினைப் போல் செயல்படும் வலி மாத்திரைகள், ஹெராயின் போன்றவை) சில வாரம் நிறுத்தினாலே உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது, முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். அதனால் வெளியே வந்த முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை. இப்படி அடங்கிப்போகும் மூச்சை மீட்கும் நலாக்ஸோன் மருந்து, உடனிருக்கக்கூடியவர்களின் கையில் இருக்க வேண்டும், அதைக் கொடுக்க அவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2014-இல் பரிந்துரைத்தது. நாங்கள் அதைக் கேட்டு வாங்கி, மூவரும் கற்றுக்கொண்டோம். மாமியாரின் பழைய வலி மாத்திரைகளை அலமாரியிலிருந்து அகற்றினோம். மகனின் சம்மதத்தோடு அவன் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினோம். தாழ்ப்பாளைக் கழற்றும்போது திருப்புளியைப் பிடித்திருந்தவன் அவன்தான்.

என் அனுபவம் ஒரு பையன், ஒரு வகைப் போதை, பகலிலும் ஆள் இருக்கும் ஒரு வீடு என்ற அளவில் அடங்கிவிடுகிறது. வீட்டில் வேறொருவர் குடிப்பவராக இருந்தாலோ, அடிதடி நடக்கும் வீடாக இருந்தாலோ, பெற்றோர் இருவரும் இரவில்தான் திரும்புவார்கள் என்றாலோ, தயங்காமல் இடைத்தங்கல் இல்லத்தையே சொல்வேன். பெண்பிள்ளைகளுக்கு எது பொருந்தும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

அந்த வழியை நாங்களும் முழுதாக மூடிவிடவில்லை. மகன் மையத்திலிருந்து வந்த அன்று நால்வரும் கையெழுத்திட்ட தாளில், தொடர்ந்து மூன்று சந்திப்புகள் தவறினால் அவன் அந்த இரண்டு இல்லங்களில் ஒன்றுக்குப் போவான் என்று எழுதியிருக்கிறது. இதுவரை இரண்டுக்கு மேல் போனதில்லை. தாள் இன்னும் அதே அலமாரியில், நலாக்ஸோன் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.