எஸ்டிஎம்32-ல டேட்டாவ சிசிஎம் ராமுக்கு மாத்தி ஓட்டுன அனுபவம்

எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் வரிசைல வர்ற எஃப்407 சிப்ல ராம் 192 கேபின்னு டேட்டாஷீட்ல இருக்கும், ஆனா அது ஒரே துண்டு கிடையாது. 128 கேபி மெயின் எஸ்ராம், மிச்சம் 64 கேபி சிசிஎம்னு (கோர் கப்புள்டு மெமரி, சிபியூவோட நேரா இணைச்ச ராம்) வேற அட்ரஸ்ல தனியா கிடக்கு, நாமளா சொல்லாத வரைக்கும் லிங்கர் (கோடையும் டேட்டாவையும் மெமரி அட்ரஸ்ல அடுக்குற டூல்) அந்தப் பக்கம் தலைவச்சுக்கூட படுக்காது. சில வருஷமா இத பயன்படுத்திட்டு வர்றதால தேறுனத எழுதுறேன்.

செட்டப் சின்ன வேலைதான், லிங்கர் ஸ்கிரிப்ட்ல ஒரு ரீஜன், ஒரு செக்ஷன், கோடுல வேரியபிளுக்கு செக்ஷன் ஆட்ரிபியூட், அவ்ளோதான். தலைவலி அதுக்கப்புறம். சிசிஎம் சிபியூவோட டேட்டா பஸ்ஸான டி-பஸ்ல மட்டும் தொங்குது, டிஎம்ஏவால (சிபியூ இல்லாமலே டேட்டாவ நகத்துற ஹார்டுவேர்) அத தொடவே முடியாது. ஏடிசி (அனலாக் சிக்னல டிஜிட்டலா மாத்துறது) ரீடிங்க டிஎம்ஏ கொண்டுவந்து போடுற பஃபர அங்க வச்சா கம்பைல் ஆகும், லிங்க் ஆகும், ஒரு வார்னிங் கூட வராது, ஓடும்போதுதான் டிஎம்ஏ எரர் ஃபிளாக் ஏறி நிக்கும். இத விட மோசம் ஸ்டேக்க (ஃபங்ஷனோட லோக்கல் வேரியபிள் இருக்கற இடம்) அங்க மாத்துறது, ஏன்னா எவனோ ஒருத்தன் ஃபங்ஷனுக்குள்ள லோக்கல் அர்ரே போட்டு அத யுஆர்ட் (சீரியல் போர்ட்) டிஎம்ஏக்கு குடுத்திருப்பான், அது எங்க இருக்குன்னு தேடவே பாதி நாள் போயிடும். அதனால நான் அங்க வைக்கிறது சிபியூ மட்டும் தொடுற ஃபில்டர் ஸ்டேட், லுக்கப் டேபிள் மாதிரி ஐட்டம்தான்.

இன்னொண்ணு, ஸ்டார்ட்டப் கோடு சாதாரண டேட்டாவ காப்பி பண்ணும், பிஎஸ்எஸ்ஸ (ஆரம்ப மதிப்பு குடுக்காத வேரியபிள்கள்) ஜீரோ ஆக்கும், நம்ம புது செக்ஷன கண்டுக்காது. ஆரம்ப மதிப்பு வேணும்னா ஃபிளாஷ்ல லோடு அட்ரஸ் குடுத்து காப்பி லூப்ப நாமளே எழுதணும். லோடு அட்ரஸ் குடுக்காம விட்டா சிப்ல ஏத்துற .bin ஃபைல் திடீர்னு 128 எம்பிக்கு மேல வீங்கும், ஃபிளாஷ் அட்ரஸ்ல இருந்து சிசிஎம் வரைக்கும் இருக்கற காலி இடத்தையும் சேத்து ரொப்பிடுதுல்ல! ஆரம்ப மதிப்பு வேணாம்னா லிங்கர் ஸ்கிரிப்ட்ல அந்த செக்ஷன நோலோடுன்னு (ஃபைல்ல சேக்காதன்னு) குறிச்சா போதும், ஆனா உள்ள ஜீரோ இருக்கும்னு நம்பக்கூடாது.

ஸ்பீடு பிச்சிக்கும்னு வராதீங்க. எஃப்407 வர்ற எஃப்4 வரிசைல மெயின் எஸ்ராமும் வெயிட் ஸ்டேட் இல்லாமதான் ஓடுது, டிஎம்ஏ பஸ்ஸ அடைச்சுட்டு நிக்கிற நேரத்துலதான் வித்தியாசம் தெரியும். எஃப்3-ல சிசிஎம்ல இருந்து கோடே ஓட்டலாம், எஃப்4-ல அதுவும் முடியாது. ஆக எனக்கு இதோட உண்மையான லாபம் அந்த 64 கேபி இடம்தான்.

எஸ்டிஎம்32-லயே எச்743 சிப்புக்கு போனா கத இன்னும் பெருசு. அங்க டிடிசிஎம் (சிசிஎம் மாதிரியே சிபியூவோட ஒட்டுன டேட்டா ராம்) 128 கேபி, டிஎம்ஏ1, டிஎம்ஏ2 ரெண்டுமே அத தொடாது, பிடிஎம்ஏவுக்கோ (அங்க இருக்கற இன்னொரு டிஎம்ஏ) எஸ்ராம் துண்டுகள்ல எஸ்ராம்4 மட்டும்தான். டிஎம்ஏ பஃபர டிஎம்ஏ தொட முடியுற ஏஎக்ஸ்ஐ ராம்ல வச்சாலும் டி-கேஷ் (சிபியூ பக்கத்துலயே வச்சிருக்கற டேட்டா நகல்) ஆன்ல இருந்தா பழைய டேட்டாவ காட்டும், 32 பைட்டுக்கு அலைன் பண்ணி அந்த நகல இன்வாலிடேட் பண்ணணும், இல்ல எம்பியூல (மெமரி ரீஜனுக்கு விதி போடுற யூனிட்) அந்த ரீஜன நான்-கேஷபிள் ஆக்கணும். நான் ரெண்டாவதத்தான் எடுப்பேன், புதுசா டீம்ல வர்றவங்க இன்வாலிடேட்ட மறந்தாலும் ஒண்ணும் ஆகாது.

எந்த சிப்பா இருந்தாலும் பில்ட் முடிஞ்சதும் மேப் ஃபைல (எது எந்த அட்ரஸ்ல போச்சுன்னு லிங்கர் எழுதுற பட்டியல்) தொறந்து வேரியபிள் போக வேண்டிய அட்ரஸுக்கு போயிருக்கான்னு பாத்துடுங்க, செக்ஷன் பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போனாலும் லிங்கர் வாய தொறக்காம அதுக்கு தோணுன எடத்துல வச்சிடும்.