வின்னிபெக் குளிரும் மகளின் மைக்ரோபிட்டும்: மூன்று வருட அனுபவம்

கனடாவின் வின்னிபெக்கில் டிசம்பர் பிறந்தால் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். மைனஸ் 30 டிகிரியில் பிள்ளையை எந்தப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது? மகளுக்கு எட்டு வயதானபோது தொடங்கி, மூன்று குளிர்காலமாக வீட்டுக்குள் எலக்ட்ரானிக்ஸ் செய்கிறோம். மூன்றாவது வருடமும் மேசையில் மிச்சமிருப்பது எது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது, சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரி அழுத்திப் பொருத்துகிற சர்க்யூட் செட். சாலிடரிங் வேண்டாம், முதல் நாளே விசிறி சுற்றியது. படத்தைப் பார்த்து அப்படியே பொருத்தும் வேலைதான் என்பதால் ஜனவரிக்குள் அலுத்துவிட்டது. இப்போது அதன் மோட்டாரும் சுவிட்சும்தான் உதவுகின்றன.

அடுத்த வருடம் மைக்ரோபிட். கணினியில் கட்டளை எழுதி இயக்குகிற, உள்ளங்கைக்குள் அடங்கும் போர்டு. 25 சிவப்பு எல்இடி, இரண்டு பட்டன், இரண்டு ஏஏஏ செல் போதும். 2016-இல் பிபிசி பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது இதைத்தான். 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கின்றன, அதையே வாங்குங்கள்.

ஒரு சனிக்கிழமை அதை ஹாலில் வைத்து வெப்பநிலை பார்த்தாள். 24 காட்டியது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் 21. "எதுப்பா பொய் சொல்லுது?" என்றாள். மைக்ரோபிட்டில் தனி வெப்பமானி கிடையாது. பிராசசர் சிப்பின் சூட்டைத்தான் அளக்கிறது, அதனால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. மூன்றைக் கழிக்கும் கட்டளையை அவளே சேர்த்தாள். அப்புறம் தன் கட்டில் பக்கத்து ஜன்னல் ஓரமாக விரல் விரலாக நகர்த்தி, குளிர் நுழைகிற கீழ் மூலையைக் கண்டுபிடித்தாள். அங்கே ரப்பர் பட்டை ஒட்டினேன். மறுநாள் 2 டிகிரி ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அந்த 2 டிகிரியைச் சொன்னாள். எனக்கும் பெருமைதான்.

ஒரு எச்சரிக்கை. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, கம்பளத்தில் காலுறையோடு நடந்து கதவுப்பிடியைத் தொட்டால் நிலைமின்சாரம் சுருக்கென்று அடிக்கும். அந்தக் கையோடு போர்டைத் தொடக்கூடாது. காலுறையைக் கழற்றிவிட்டு, சமையலறை இரும்புக் குழாயைத் தொட்ட பிறகுதான் மேசை. தம்பிக்கு மூன்று வயது என்பதால் காசு வடிவ செல் போடுகிற எதையும் வாங்குவதில்லை. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

மூன்றாவது வருடம் பிரெட்போர்டும் (பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) உதிரி பாகங்களும். 9 வோல்ட் பேட்டரியில், மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் சிவப்பு எல்இடியைச் செருகினாள். ஒரு நொடி ஆரஞ்சாக எரிந்து அணைந்தது. அடுத்ததற்கு 470 ஓம் ரெசிஸ்டர் போட்டாள். நான் சொல்லியிருந்தால் மறந்திருப்பாள்.

இப்போது வெளியே தபால் பெட்டிக்கு அறிவிப்பு மணி செய்கிறாள். ஆல்கலைன் செல் குளிரில் படுத்துவிடுகிறது. லித்தியம் ஏஏஏ வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள்.