காய்ச்சலும் பிதற்றலும்: முதலில் ஸ்கேனா, முதுகு நீரா?

நன்றாக இருந்த இருபது வயதுப் பிள்ளை காய்ச்சலோடு வந்து ஆள் தெரியாமல் பிதற்றுகிறான். ரத்தச் சர்க்கரை, மலேரியா, போதைப்பொருள், தட்டணு எண்ணிக்கை எல்லாம் கையோடு பார்த்துவிடலாம். அடுத்தது தலைக்கு ஸ்கேனா, முதுகில் ஊசி போட்டு மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்ப்பதா என்பதில்தான் மருத்துவர்கள் இரண்டாகப் பிரிகிறோம். அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் நான் முதுகு நீர் பக்கம்.

சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் சீழ்க்கட்டியையும் காட்டும். வலிப்பு, ஒருபக்கக் கைகால் பலவீனம், கண் நரம்பு வீக்கம், ஆழ்ந்த மயக்கம், எதிர்ப்புச் சக்திக் குறைவு, இதில் எது இருந்தாலும் ஸ்கேன்தான் முதலில். ஆனால் மூளை உறைக் காய்ச்சலில் பெரும்பாலும் ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும், காரணத்தைச் சொல்லாது.

முதுகு நீர் சொல்லும். அதில் சர்க்கரை குறைந்து, நியூட்ரோபில் என்ற வெள்ளையணு மிகுந்தால் பாக்டீரியா. சர்க்கரை குறைந்து, லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு மிகுந்தால் காசநோய். லிம்போசைட் மிகுந்தும் சர்க்கரை சரியாக இருந்தால் ஹெர்பிஸ் போன்ற வைரஸ், நம்மூரில் சிற்றுண்ணிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும்கூட. ரத்தச் சர்க்கரையையும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட ஆளில்லை. கால் விளங்காமல் போகும் என்று வீட்டார் பயப்படுவார்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது என்று பொறுமையாகச் சொன்னால் சம்மதிப்பார்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது நேரம். 'ஸ்கேன் முடியட்டும்' என்றதுமே ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. வந்த ஒரு மணி நேரத்துக்குள் அது உடம்பில் ஏற வேண்டிய மருந்து. ஸ்வீடனில் 2009இல், மனக்குழப்பம் மட்டுமே ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் காரணமாகாது என்று வழிகாட்டுதலை மாற்றினார்கள். அதன்பின் சிகிச்சை முன்கூட்டியே தொடங்கியது, இறப்பும் குறைந்திருந்தது. ஸ்கேன் அவசியமென்றால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன், பாக்டீரியாவுக்கு செஃப்ட்ரையாக்சோன், ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர் போட்டுவிட்டுத்தான் ஆளை அனுப்ப வேண்டும். மருந்துக்குப் பின், மூளை உறைக் காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியா 2 மணி நேரத்திலேயே முதுகு நீர்க் கல்ச்சரில் வளராமல் போகலாம். ஆனால் அந்த நீரின் வெள்ளையணு எண்ணிக்கையும் சர்க்கரையும் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

இதோடு அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே எல்லாம் விலக்கிப் பாருங்கள். சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைபஸ். அதற்கு செஃப்ட்ரையாக்சோன் வேலை செய்யாது, டாக்ஸிசைக்ளின் வேண்டும்.

முதுகு நீரும் முழுத் தீர்ப்பல்ல. ஹெர்பிஸ் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை முதல் சில நாட்களில் நெகட்டிவ் காட்டலாம். சந்தேகம் விடாவிட்டால் அசைக்ளோவிரை நிறுத்தாமல் மறுபடி எடுக்க வேண்டும். இளம்பெண்களிடம் மனநோய் போலவே தொடங்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் என்எம்டிஏ என்செஃபலைட்டிஸை நான் பார்த்தது மிகக் குறைவு. அங்கே ஆன்டிபாடி பரிசோதனைக்கும் நரம்பியல் நிபுணருக்கும்தான் அனுப்புவேன்.