ஹட்டன் பக்கம் ‘தொடாமல் வீழ்த்தும்’ கிளாஸ்: காசு கட்டுமுன் படியுங்கள்

ஹட்டன், கொட்டகலை பக்கத்துத் தோட்டங்களில் கராத்தே கிளாஸ் நடத்தும் ஒரு மாஸ்டரிடம் என் அக்கா மகன் படித்தான். பெயர் போடவில்லை, வித்தையைச் சொன்னாலே போதும். மாதக் கட்டணம் குறைவு. உதை, தடுப்பு எல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார். அதில் குறை சொல்ல மாட்டேன்.

பிரச்சினை ‘வர்ம சக்தி’ என்ற தனிப்பயிற்சி. கையை நீட்டினால் பத்தடி தள்ளி நிற்பவன் சுருண்டு விழுவானாம். அதற்கு 18,000 ரூபாய் முற்பணம். அப்போதைய ஒரு நாள் கூலி (தோட்டத்தில் ‘ஒரு பேர்’ என்போம்) 1,350 ரூபாய் என்று பார்த்தாலும், கொழுந்தெடுக்கும் அக்காவுக்கு அது பதின்மூன்று பேருக்கு மேல். சீட்டுக் காசை எடுத்துக் கட்டினார். ரசீது தரவில்லை.

கோயில் மைதானத்தில் செய்து காட்டிய அன்று மாணவர்கள் வரிசையாக விழுந்தார்கள், மருமகனும்தான். அப்புறம் ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் சும்மா போய் நின்றார். மாஸ்டர் கையை ஆட்டுகிறார், மூச்சை இழுத்து விடுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. “மனச மூடிக்கிட்டு நிக்கிறீங்க தம்பி, சக்தி எறங்காது” என்றார்.

வீட்டுக்கு வந்து “ஏன்டா விழுந்த?” என்று கேட்டேன். “எல்லாரும் விழுந்தாங்க மாமா. நா மட்டும் நின்னா மாஸ்டருக்கு அவமானமில்லையா?” என்றான். ஆனாலும் அவன் வேண்டுமென்றே நடிக்கவில்லை. கை நீண்டதும் கால் தானாக மடங்கியது என்கிறான். கிளாஸில் தினமும் பெரிய பையன்கள் விழுவதைப் பார்த்து வளர்ந்த உடம்பு அது.

இது உலகம் முழுக்க நடக்கும் கதைதான். அமெரிக்கக் கராத்தே மாஸ்டர் ஜோர்ஜ் டில்மன் தொடாமல் மயக்குவதாகச் சொன்னவர். தொலைக்காட்சிச் சோதனையில் நம்பாத ஒருவர் விழாமல் நின்றதும், அவருடைய நாக்கு தவறான இடத்தில் இருந்திருக்கலாம், கால் பெருவிரலைத் தூக்கியிருக்கலாம் என்று காரணம் சொன்னார். நம்ம மாஸ்டரின் ‘மூடிய மனசு’ எவ்வளவோ தேவலை. ஜப்பானில் யனாகி ரியூகென் என்ற மாஸ்டர் தன் மாணவர்களைக் கையசைவிலேயே உருட்டுவார். 2006இல் 5 லட்சம் யென் பந்தயம் கட்டி வெளியாள் ஒருவரோடு மோதினார். கொஞ்ச நேரத்திலேயே முகத்தில் அடிபட்டு ரத்தத்தோடு தோற்றார். பாவம், தன் சக்தியை அவரே நம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யார் அப்படிப் போய் நிற்பார்கள்?

கோயில் மைதானத்தில் நம்ம மாஸ்டர் அடுக்கிய ஓடுகளை உடைத்ததையும் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் ஓட்டுக்கும் நடுவில் சின்னக் குச்சி. இடைவெளி இருந்தால் ஒவ்வொன்றாகத்தான் உடையும். ஒட்டி அடுக்கினால் கதை வேறு. “நம்ம மாரியம்மன் திருவிழாவில தீ மிதிக்கிறாங்களே, அதுவும் சக்திதானே?” என்று அவர் கேட்டார். பக்தியை நான் தொடவில்லை. ஆனால் தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், நடப்பவர் பாதம் அதில் படுவதும் கொஞ்ச நேரம்தான். நின்றால் யாருக்கும் சுடும்.

காசைத் திருப்பிக் கேட்டபோது, “சக்தி ஏத்தியாச்சு, திருப்பி எடுக்க முடியாது” என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. காசை விட எனக்குப் பயம் வேறு: ஒரு பையன் இந்தத் தைரியத்தில் பெரிய பையன்களோடு சண்டைக்குப் போய் உதடு கிழிந்து வந்தான்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் மாஸ்டரைப் பற்றி விசாரியுங்கள். ரசீது இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். சக்தி என்று சொன்னால், அவர் மாணவன் அல்லாத ஒருவர் மேல் காட்டச் சொல்லுங்கள். நீங்களே போய் நிற்கலாம். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், நாங்களும் முறையிட்டிருக்கிறோம். அவர் இப்போது பண்டாரவளைப் பக்கம் புதுக் கிளாஸுக்கு நோட்டீஸ் ஒட்டுவதாகக் கேள்வி. அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.